கிளட்ச் மாஸ்டரின் ஐரோப்பா ரூட்டு

மதுரையில் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டே வகை. கிளட்ச் மாஸ்டரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள் ஒரு வகை; ஓட்டத் தெரியாதவர்கள் இன்னொரு வகை. இதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, மாஸ்டருக்குக் கிடையாது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வளைவில் யாராவது காரைப் பஸ்ஸோடு உரசிவிட்டு விழித்துக்கொண்டு நின்றால், தன் டிரைவிங் ஸ்கூல் கடை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"நம்மகிட்ட படிச்சவன் இல்ல மாப்ள. நம்மாளா இருந்தா அந்த எடத்துக்கு வரும்போதே ரெண்டாவது கியருக்கு வந்திருப்பான்."

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது டிரைவிங் ஸ்கூல் போர்டில்கூட எழுதியிருந்தது. யாரும் படித்ததில்லை. உலகத்தில் நடக்கிற எல்லாக் கெடுதலுக்கும் காரணம் கிளட்சைப் பட்டென்று விடுவதுதான் என்று நம்பிய மனிதர் அவர். எதிர்க்கடை அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பிரிந்தபோது, "படக்குனு கிளட்ச்ச விட்டா குலுங்காம என்ன செய்யும்?" என்றார். ஒரு மந்திரி பதவி இழந்ததற்கும் அதே விளக்கம்தான். அவருடைய மனைவியை நாங்கள் மாஸ்டரம்மா என்போம். அந்த அம்மா தோசையைக் கருக விட்ட அன்று இதே விளக்கத்தைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் மாஸ்டர் ஓட்டலில்தான் சாப்பிட்டார்.

அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். சொந்தக்காரர்கள் ஜவுளி, பேங்கு என்று உட்கார்ந்து வேலை பார்க்க, இவரும் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார், ஓடுகிற காரில். வீட்டில் அவர்கள் பாஷை, தெருவில் எங்கள் தமிழ், மாணவன் கியரைப் பிடித்து நறநறவென்று இழுத்தால் இரண்டும் கலந்து இடையில் கொஞ்சம் இங்கிலீஷ்.

அவர் கடைக்கு மேல் மாடியில் இருந்த இன்சூரன்ஸ் ஆபீசில்தான் நான் வேலை பார்த்தேன். எழுமலைக்காரன் நான். ஊரில் டிராக்டர் ஓட்டிய தைரியத்தில் அவரிடம் கார் கற்கப் போனேன். முதல் நாளே கேட்டார்:

"மாப்ள, எந்த ஊரு?"

"எழுமலை மாஸ்டர்."

"அதான பாத்தேன். ரோட்ட உழுகாதடா. விதைக்கவா போற?"

பின்சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் இன்றுவரை நான் யார் மீதும் இடித்ததில்லை. அந்த மனிதரின் வாய்க்குப் பயந்தே பாதி மதுரை ஒழுங்காக ஓட்டியது.

ஒரு நாள் காலையில் மாஸ்டர் மாடியேறி வந்தார். அவர் மாடிக்கு வருவது வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க மட்டும்தான். அன்றைக்கு முகத்தில் வேறு ஏதோ இருந்தது.

"மாப்ள, ஐரோப்பா மேப்பு ஒண்ணு பெருசா பிரிண்டு எடுத்துக் குடு."

"எதுக்கு மாஸ்டர்?"

"கார்ல போறோம்."

"ஐரோப்பாவுக்கா?"

"கூறுகெட்டவனே, ஐரோப்பாவுக்கு பிளேன்ல. அங்க எறங்கி கார்ல. நாலு நாடு. கிரி கூப்புடுறான்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நாலு நாட்டை விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது கடைசி இரண்டு வார்த்தைகள்தான்.

கிரி அவருடைய ஒரே மகன். நெதர்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை. அவன் காலேஜில் சேர்ந்த வருடம் மாஸ்டர் அவனுக்குக் கார் கற்றுக்கொடுத்தார். சமயநல்லூர் பக்கம் மெயின் ரோட்டில், பின்சீட்டில் வேறு மாணவர்கள் உட்கார்ந்திருக்க, கிரி வண்டியை அடுத்தடுத்து ஆஃப் பண்ணிவிட்டான். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. மாஸ்டர் கத்தினார்: "எறங்குடா! ஊரெல்லாம் படிக்குது, எம் மகனுக்கு மட்டும் மண்டையில ஒண்ணும் இல்ல. எறங்கு!" பையன் இறங்கினான். பஸ் பிடித்து வீட்டுக்குப் போனான். மறுநாள் எதிர்வரிசையில் இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். அங்கேயே கற்று, முதல் டெஸ்ட்டிலேயே லைசென்ஸும் வாங்கிவிட்டான். மாஸ்டருடைய மகன் எதிர்க்கடையில் கார் படித்த செய்தி அந்தத் தெருவுக்கு ஒரு திருவிழா மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா இருக்கிற காரில் கிரி ஏறியதே இல்லை. வெளிநாடு போகிற அன்று ஏர்போர்ட்டுக்கு ஆட்டோவில் போனான். மாஸ்டர் பின்னாலேயே தன் காரில், இடம் விட்டு, விதிப்படி போனார்.

அந்தப் பையன்தான் இப்போது கூப்பிட்டிருந்தான். நெதர்லாந்தில் கிளம்பி, ஜெர்மனி, ஆஸ்திரியா வழியாக இத்தாலி, ரோமில் முடிவு. ஓட்டுவது அவன். அப்பாவும் அம்மாவும் கூட.

அன்றிலிருந்து டிரைவிங் ஸ்கூல், ஸ்கூலாக இல்லை. டிராஃபிக் சின்னங்கள் மாட்டியிருந்த சுவரில் ஐரோப்பா ஏறிக்கொண்டது. ஆல்ப்ஸ் மலைக்கு மேலே 'ஹாரன் அடிக்காதீர்', இத்தாலிக்குப் பக்கத்தில் 'பள்ளிக்கூடம் உள்ளது'. கற்றுக்கொள்ள வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் டெஸ்ட்டில் கேட்பார்களா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

மாஸ்டரின் முதல் கண்டுபிடிப்பு, ஐரோப்பா அவருக்காகவே செய்யப்பட்டது என்பது. "அங்க டிரைவர் சீட்டு எடதுபக்கம் மாப்ள. நான் வாழ்க்க பூராம் ஒக்காந்தது எடதுபக்கம். பொறப்புலயே நான் அந்த ஊருக்காரன்தான்." டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் இடது சீட்டில் இருப்பார், அவர் காலடியில் தனியாக ஒரு கிளட்சும் பிரேக்கும் இருக்கும். அந்த இரண்டு பெடலிலேயே காலம் தள்ளியவர் அவர். ஸ்டியரிங் பிடித்தே ரொம்ப நாளாகிறது என்பதை அந்தச் சமயத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்து, அங்கே தேவையில்லாமல் ஹாரன் அடிப்பது மரியாதையில்லை என்று படித்தார். பழகிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாரம் ஹாரன் இல்லாமல் மதுரைக்குள் வண்டி ஓட்டச் சொன்னார். ஓட்டியது மாணவர்கள்தான், பாவம். முதல் நாள் சிம்மக்கல்லுக்குப் போனவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்கள். ஒரு மாடு முன்னால் படுத்திருந்ததாம். அது தானாக எழுந்திருக்கும் வரை காத்திருந்தார்களாம். "ஐரோப்பாவுல மாடு இருக்கா மாஸ்டர்?" என்றேன். "இருக்கு. ஆனா அது ரூல்ஸ் படிச்ச மாடு" என்றார்.

காரில் ஒளிரும் சட்டை வைத்திருக்க வேண்டும் என்றொரு விதி. வண்டி நின்றுவிட்டால் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டுமாம். மஞ்சளில் ஒன்று வாங்கி, ஒத்திகைக்காகப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். வழியில் ஒரு அம்மா மறித்துவிட்டது. "ஏப்பா, கார்ப்பரேசன்காரரே, எங்க சந்துல சாக்கட பொங்கி எம்புட்டு நாளாச்சு, எட்டிப்பாத்தியா நீயி?" மாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. கடைசியில் அந்தச் சந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கார்ப்பரேசன் ஆபீசில் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

உச்சம் லைசென்ஸ் டெஸ்ட்டில் நடந்தது. 'வலதுபக்கம், வலதுபக்கம்' என்று மாஸ்டர் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பழக, அது மாணவர்களுக்கும் ஏறிவிட்டது. டெஸ்ட் அன்று அவருடைய ஆட்கள் வரிசையாக, தெளிவாக, சிக்னல் போட்டு, ரோட்டின் வலதுபக்கம் ஏறினார்கள். ஒட்டுமொத்தமாக ஃபெயில். இன்ஸ்பெக்டர் மாஸ்டரைக் கூப்பிட்டு, "இவங்கள எல்லாம் எங்கண்ணே கூட்டிட்டுப் போகப் போறீக?" என்று கேட்டாராம். மாஸ்டர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு மத்தியானம், ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, நாட்டு எல்லையில செக்போஸ்ட்டு எப்படி இருக்கும்? வண்டிய எம்புட்டு நேரம் நிப்பாட்டுவான்?"

"எதுக்கு மாஸ்டர்?"

கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த குண்டூசி டப்பாவை உருட்டினார்.

"கிரிகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். அன்னிக்கிச் சமயநல்லூர்ல எறங்குடான்னேன்ல, அதப் பத்தி."

"போன்ல சொல்லிருங்களேன் மாஸ்டர்."

"கார்ல வச்சுச் சொன்னதுடா. கார்ல வச்சுத்தான் திருப்பி எடுக்கணும். ஓடும்போது சொல்லக் கூடாது, ஓட்டுறவன் மனசு கலங்கும். வண்டி நிக்கணும். செக்போஸ்ட்டுல பேப்பர வாங்கிட்டு உள்ள போவான்ல, அந்த கேப்புல சொல்லிப்புடுவேன்."

"என்னன்னு சொல்லுவீக?"

"அதுதான் தெரியல. சாரின்னா, சில்லற இல்லன்னு கடைக்காரன் சொல்ற மாதிரி இருக்கு. மன்னிச்சுக்கப்பான்னா நாடகம் மாதிரி இருக்கு. எங்க பாஷையில அப்பன் மகன்ட்ட இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல."

அவருக்கு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாகக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். அந்த நாடுகளுக்கு நடுவே பெரும்பாலும் செக்போஸ்ட் கிடையாது. ரோட்டோரம் ஒரு நீலப் பலகை இருக்கும், அவ்வளவுதான். எப்போதாவது போலீஸ் நிறுத்திச் சோதிப்பதும் உண்டு.

மாஸ்டரால் நம்ப முடியவில்லை. "கம்பம் தாண்டிக் கேரளாவுக்குள்ள போறதுக்கே டிக்கியத் தொறன்னுறான். நாடு விட்டு நாடு போறவன ஒருத்தனும் எங்கடா போறன்னு கேக்க மாட்டானா? என்ன ஊருடா அது?" என்றார். பிறகு அவரே, "எப்பவாச்சும் நிப்பாட்டுவான்னு போட்டிருக்குல்ல? நம்ம நேரத்துக்கு நிப்பாட்டுவான்" என்று எழுந்து போனார்.

விசா வந்தது. சென்னையில் கைரேகை வைக்கப் போன இடத்தில், கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு மாஸ்டர் முழு ரூட்டையும் விளக்கியிருக்கிறார். மாஸ்டரம்மா புளிக்காய்ச்சல் கிண்டினார். நாங்கள் எல்லோரும் ஏர்போர்ட்டுக்குப் போய் வழியனுப்பினோம்.

சொன்ன நாளுக்கு முன்னதாகவே திரும்பி வந்துவிட்டார்கள்.

தெருவில் எல்லோருக்கும் மாஸ்டர் சாக்லேட் கொடுத்தார். ரோம் எப்படி என்று கேட்டவர்களுக்கு, எந்த ரோட்டில் நுழைந்தால் எந்தத் தூண் தெரியும் என்பது வரை சொன்னார். டீக்கடையில் கேட்டவர்கள் வாய் பிளந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். ரோமைப் பற்றி இவ்வளவு சொன்னவர் கிரியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

ஒரு நாள் என்னைத் தன் காரில் உட்காரச் சொன்னார். வண்டி கடை வாசலில் நின்றது. பழக்கத்தில் அவர் இடது சீட்டில் ஏற, நான் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தேன்.

"ரோமுக்குப் போகல மாப்ள."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கிரி ஓட்ட, இவர் வலதுபக்கச் சீட்டில். முதல் நாடு எப்போது முடிந்தது, இரண்டாவது நாடு எப்போது ஆரம்பித்தது என்றே தெரியவில்லையாம். "நீலப் பலகையப் பாத்தேன். வாயத் தொறந்தேன். அதுக்குள்ள ஜெர்மனி வந்து எம்புட்டோ தூரம் போயிருச்சு. அம்புட்டு வேகம்." ஆஸ்திரியாவிலும் அப்படியே. இத்தாலிக்குள் ஒரு டோல்கேட் வந்திருக்கிறது. வண்டி நின்றது. இவர் தொண்டையைச் செருமினார். மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது, கிரி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. வழி முழுக்கத் தரையை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். "கண்ணாடியப் பாரு", "கேப்பு விடு", "பிரேக்குல கால் வையி". கிரி பொறுத்தான். ஜெர்மனியில் ஒரு ஓய்விடத்தில், "கொஞ்ச தூரம் நீங்க ஓட்டுறீங்களாப்பா?" என்று சாவியை நீட்டினான். கேலியாக இல்லை, ஆசையாகத்தான். அந்தக் காரில் கிளட்ச் கிடையாது. தானே கியர் மாறுகிற வண்டி. மாஸ்டரின் இடது கால் கிளட்சைத் தேடி, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தது. பின்சீட்டில் மாஸ்டரம்மாவின் மடியில் இருந்த புளியோதரை பறந்து முன் கண்ணாடியில் ஒட்டியது. மூன்று பேரும் சிரித்தார்களாம். "அந்தச் சிரிப்புல சொல்லியிருக்கணும் மாப்ள. வண்டியும் நின்னுச்சு, அவனும் சிரிச்சான். சோத்தத் தொடச்சுக்கிட்டே விட்டுட்டேன்."

மலையிறக்கத்தில்தான் அது நடந்தது. இத்தாலியில், பெரிய லாரி ஒன்று பக்கத்தில் நெருக்கிக்கொண்டு வர, மாஸ்டருக்குப் பயம். பயத்தில் வாய் தன் பாட்டுக்குப் பழைய வார்த்தையைத் தேடி எடுத்துவிட்டது. "ஒனக்கெல்லாம் எவன்டா லைசென்ஸு குடுத்தான்? எறங்குடா! எறங்கு!"

கிரி அடுத்த ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்தினான். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்:

"இங்க எறங்குனா வீட்டுக்குப் போகப் பஸ்ஸுகூட இல்லப்பா."

வண்டி நின்றுகொண்டிருந்தது. மாஸ்டர் ஆசைப்பட்ட மாதிரியே நின்றுகொண்டிருந்தது. யாரும் பேப்பர் கேட்டு அவசரப்படுத்தவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது.

"வாய் வரல மாப்ள" என்றார். "அம்புட்டுப் பேருக்கு வாத்தியாரா இருந்தேன். அந்த எடத்துல என்ன செய்யணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல."

மறுநாள் கிரி, ஆபீசில் அவசர வேலை வந்துவிட்டது என்று வண்டியைத் திருப்பிவிட்டான். அவசர வேலை எதுவும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும். திரும்புகிற வழியெல்லாம் அவன் மரியாதையாகவே இருந்தானாம். வெயில் படுகிறதா, ஏசி போதுமா என்று கேட்டுக்கொண்டே வந்தானாம். அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு மாஸ்டர் மாணவர்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். இது தெருவில் பெரிய கலவரத்தை உண்டாக்கியது. ஒரு பெண் அடுத்தடுத்து வண்டியை ஆஃப் பண்ணியும், "பரவால்லம்மா, இன்னொருக்கா பாப்போம்" என்றாராம். அந்தப் பெண் பயந்துபோய் என்னிடம் வந்து, "அண்ணே, மாஸ்டருக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா? திட்டவே மாட்டேங்குறாரு. எனக்குக் கையெல்லாம் நடுங்குது" என்றது. திட்டு இல்லாமல் கார் வராது என்று இரண்டு பேர் வேறு ஸ்கூலுக்கே மாறிவிட்டார்கள்.

ஆனால் திட்டம் போடுவது மட்டும் நிற்கவில்லை. மறுபடி மாடியேறினார்.

"மாப்ள, டென்மார்க்குல இருந்து நார்வேக்குக் கார கப்பல்ல ஏத்திக் கொண்டு போறானாமே?"

"ஆமா மாஸ்டர்."

"கப்பல்ல ஏத்துனா எஞ்சின ஆஃப் பண்ணித்தான ஆகணும்?"

"பண்ணித்தான் ஆகணும்."

"அப்பக் கார் நிக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து கப்பல் போகிற துறைமுகங்களைத் தேடினோம்.

அந்தப் பயணம் நடக்கவில்லை. கோடையில் ஒரு நாள் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஓட்டிக்கொண்டிருந்த பையன் பதறாமல் ஓரம் கட்டி, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பியதால் பிழைத்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். தொலைதூரப் பயணத்தை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். டிரைவிங் ஸ்கூலை மூடினார்கள். சுவரில் இருந்து ஐரோப்பாவை உரித்து எடுக்கும்போது நான் கூட இருந்தேன். இத்தாலிப் பக்கம் மட்டும் கிழிந்து சுவரோடு நின்றுவிட்டது.

அப்பாவைப் பார்க்கக் கிரி வந்தான். வந்து ஒரு வாரம் இருந்தான். அந்த ஒரு வாரத்திலும் மாஸ்டர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவன் போன பிறகு நான் கேட்டேன், இல்லை என்று கையை மட்டும் விரித்தார். அவனாவது எதையாவது கேட்டானா என்றால் அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்து அவர்கள் இன்றுவரை அதைப் பேசவில்லை. இனிப் பேசுவார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவன் வந்து இறங்கிய அந்தக் காலை ஒன்று இருக்கிறது. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், மாஸ்டரம்மா சண்டை போட்டும், ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டுவேன் என்று மாஸ்டர் பிடிவாதம் பிடித்தார். துணைக்கு என்னைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டார். கிரி வெளியே வந்து, வாடகைக் கார்கள் நிற்கிற வரிசையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பையை டிக்கியில் வைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"சாப்டியா?"

"பிளேன்ல சாப்ட்டேன்பா. ஒங்களுக்கு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. ரிங் ரோட்டில் ஏறுவதற்குள் கிரி தூங்கிவிட்டான். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. கிழக்கு வெயில் முகத்தில் அடித்தது. மாஸ்டர் ஒரு கையை நீட்டி, அவன் பக்கத்து வெயில் மறைப்பை மெதுவாக இறக்கிவிட்டார். கியர் மாற்றியதே தெரியாத மாதிரி அவ்வளவு பதமாக ஓட்டினார். அவர்கள் வீட்டுக்குத் திரும்புகிற ரோடு வந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், நேராகப் போய்விட்டார்.

திருப்பம் போய்விட்டதே மாஸ்டர் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. பின்சீட்டில் நானும் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.